ஓரளவே அறிந்தோரின் கடமை

வாரச் சந்தையில் மண்பானை வாங்கும் தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம். பானையை ஒரு கையில் ஏந்தி, மறு கையின் விரலை மடக்கி, நான்கைந்து இடங்களில் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் விலை பேசுவார்கள். ஓசை அடைபட்டு மந்தமாக எழுந்தால், ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டு அடுத்த பானையை எடுப்பார்கள். விரிசலை அவர்கள் கண்ணால் கண்டார்களா? இல்லை. அது எந்த இடத்தில் உள்ளது, எவ்வளவு நீளம், அடுப்பில் ஏற்றிய முதல் நாளே உடையுமா, ஆறு மாதம் தாங்குமா என்று கேட்டால் அவர்களால் விடை கூற இயலாது. ஆயினும் அந்தப் பானையில் ஏதோ ஒரு குறை உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர் கீழே வைத்த அதே பானையை அருகில் நிற்கும் மற்றொரு பெண் கையில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'அது வேண்டாம் அக்கா' என்று சொல்ல இவர் கடமைப்பட்டவரா? சொன்னால் பானை விற்பவர் சினம் கொண்டு, 'எங்கே, விரிசலைக் காட்டு பார்ப்போம்' என்பார். காட்ட முடியாது. சொல்லாமல் போனால், என்றோ ஒரு நாள் ஓர் ஏழை வீட்டின் ஒரு வேளைச் சோறு அடுப்பில் கொட்டிப் போகும்.

பானை சிறு பொருள். அதே கேள்வி ஒரு மலையைப் பற்றியும், அம்மலையடியில் வாழும் பல்லாயிரம் மக்களைப் பற்றியும் எழும்போது அதன் கனம் வேறாகிறது. முழுமையாக அறியாத ஒருவர் பேசலாமா? முழுமையாக அறியவில்லை என்பதையே காரணமாகக் காட்டி அவர் வாய்மூடி இருக்கலாமா? கரீபியக் கடலின் எரிமலைத் தீவுகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை நில அதிர்வு அலைகளைக் கொண்டு ஆராய்ந்தவர்களின் வரலாறும், அந்த ஆராய்ச்சி உருவாகும் முன்னும் பின்னும் அங்கே வாழ்ந்த மக்களின் வரலாறும் இக்கேள்வியை நம் முன் வைக்கின்றன. அதனை இங்கே சற்று விரிவாக எண்ணிப் பார்ப்போம்.

மண்ணைத் தட்டிப் பார்த்தல்

நாம் நிற்கும் நிலத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தோண்டிப் பார்த்து அறிந்துவிட முடியாது. மனிதர் இதுவரை தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. அது 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. புவியின் மையமோ ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எனவே மண்பானை வாங்குபவர் செய்வதையே அறிவியலாரும் செய்தாக வேண்டும். தட்ட வேண்டும், செவிசாய்க்க வேண்டும்.

முதலில் இயற்கையே அவர்களுக்காகத் தட்டிக் கொடுத்தது. நிலநடுக்கம் ஏற்படும்போது அதன் அலைகள் புவியின் உட்பகுதியை ஊடுருவிச் செல்கின்றன. அவற்றுள் இரு வகைகள் உண்டு. முதன்மை அலை, பாறையை அழுத்தியும் தளர்த்தியும் செல்வது. அதுவே முதலில் வந்து சேரும். துணை அலை, பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு பின்னால் வருவது. அது நீர்மத்தின் ஊடே செல்லாது. பாறை இறுகியும் குளிர்ந்தும் இருந்தால் அலைகள் விரைந்து செல்லும். வெப்பத்தால் இளகியோ, ஓரளவு உருகியோ இருந்தால் அவற்றின் வேகம் குறையும். ஆகவே ஓர் அலை எதிர்பார்த்த நேரத்திற்குப் பின் வந்து சேர்ந்தால், அது கடந்து வந்த வழியில் ஏதோ ஒன்று அதைத் தாமதப்படுத்தியிருக்கிறது என்று நாம் கொள்ளலாம்.

1909 அக்டோபர் 8 அன்று குரோவேசியாவில், சாக்ரெப் நகருக்குத் தெற்கே உள்ள கூபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆந்திரியா மொகொரோவிசிச் என்ற அறிஞர் பல ஊர்களில் பதிவான அதன் அலைக்கோடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். முதன்மை அலை ஒன்றாக அல்லாமல் இரண்டாக வந்து சேர்ந்திருப்பதைக் கண்டார். ஒன்று மேற்பரப்பை ஒட்டிய பாறை வழியே வந்தது. மற்றொன்று ஆழத்தில் இருந்த வேறொரு பாறை வழியே விரைந்து வந்தது. இவ்விரண்டிற்கும் நடுவே ஓர் எல்லை இருந்தாக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். நாம் வாழும் நிலவோடு முடிந்து அதன் அடிப்பாறை தொடங்கும் அந்த எல்லை இன்றும் அவருடைய பெயராலேயே வழங்கப்படுகிறது. எவரும் அதைக் கண்டதில்லை. எனினும் எவரும் அதை ஐயுறுவதில்லை.

இக்கலையில் துறவியருக்கும் பங்கு உண்டு என்பதை நம் வாசகர்களுள் பலர் அறியாதிருக்கலாம். இயேசு சபையினர் மணிலா முதல் அமெரிக்கக் கல்லூரிகள் வரை நில அதிர்வுமானிகளை நிறுவி, இரவு பகலாகப் பதிவு செய்துவந்தனர். 1925-இல் அமெரிக்காவில் இயேசு சபை நில அதிர்வியல் சங்கம் அமைந்தது. இத்துறையை 'இயேசு சபையினரின் அறிவியல்' என்றே சிலர் அழைக்குமளவுக்கு அவர்களின் உழைப்பு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பொறுமையோடு செவிமடுத்துக் காத்திருப்பது துறவு வாழ்வுக்குப் பழக்கமான பயிற்சி என்பதால் இதில் வியப்பொன்றும் இல்லை.

ஒரு தீவின் அடியில்

கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில் சிறிய அண்டிலிசுத் தீவுகள் வில்போல் வளைந்து கிடக்கின்றன. அட்லாண்டிக் பெருங்கடலின் தரை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அளவில் அத்தீவுகளின் அடியே சரிந்து செல்கிறது. அச்சரிவால் ஆழத்தில் பாறை உருகி, மேலெழுந்து, எரிமலைகளாகிறது. அத்தீவுகளுள் ஒன்று மொன்செராட். 1493-இல் கொலம்பஸ் அதனைக் கண்டபோது, ஸ்பெயின் நாட்டில் மொன்செராட் மலைமீதுள்ள அன்னை மரியாவின் மடத்தை நினைத்து அப்பெயரை இட்டார். பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்துக் கத்தோலிக்கர் பலர் அங்கே குடியேறினர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோரே இன்று அங்குப் பெரும்பான்மையினர். ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அச்சிறு தீவில் வடக்கிலிருந்து தெற்காக மூன்று எரிமலைத் தொகுதிகள் உள்ளன. வடக்கிலும் நடுவிலும் உள்ளவை அணைந்து நெடுங்காலம் ஆயிற்று. தெற்கில் உள்ள சூஃப்ரியேர் குன்றுகளோ 1995 ஜூலை 18 அன்று விழித்துக்கொண்டன.

அந்த எரிமலையின் அடியில் இருப்பதை அறியும்பொருட்டு 2007 டிசம்பரில் ஒரு பெரும் ஆய்வு நடைபெற்றது. 'ஜேம்ஸ் குக்' என்ற பிரித்தானிய ஆராய்ச்சிக் கப்பல் தீவைச் சுற்றி வந்தது. அழுத்தப்பட்ட காற்றை நீருக்குள் திடீரென விடுவிக்கும் கருவிகளால் அது 4,000-க்கும் மேற்பட்ட முறை கடலைத் தட்டியது. தீவின் நிலத்திலும் சுற்றியுள்ள கடற்படுகையிலும் 200-க்கும் மேற்பட்ட அதிர்வுமானிகள் அந்த ஒலிகளைக் கேட்டுக்கொண்டிருந்தன. நிலநடுக்கத்திற்குக் காத்திராமல், எந்த இடத்தில் எந்த நொடியில் தட்டினோம் என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டே தட்டியது இவ்வாய்வின் சிறப்பு. அலைகள் ஒன்றையொன்று குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து சென்ற வழிகளையும், அவை வந்து சேர்ந்த நேரங்களையும் கொண்டு கணினி ஒரு படத்தை வரைந்தது. மருத்துவமனையில் உடலைப் பல கோணங்களில் ஊடுருவிப் படம் எடுக்கும் சி.டி. ஸ்கேன் முறையும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான்.

படத்தில் தெரிந்தது என்ன? மூன்று எரிமலைத் தொகுதிகளின் நடுப்பகுதியிலும் அலைகள் விரைந்து சென்றன. அங்கே பழைய பாறைக்குழம்பு குளிர்ந்து உறுதியான கல்லாக இறுகியிருந்தது. மலைச்சரிவுகளில் அலைகள் மெதுவாகச் சென்றன. அங்கே சாம்பலும் உடைகற்களும் தளர்வாகக் குவிந்திருந்தன. இவ்வாய்வின் பதிவுகளைக் கொண்டு 2012-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, தெற்கே உயிருள்ள எரிமலையின் அடியில், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 5.5 கிலோமீட்டரில் தொடங்கிக் குறைந்தது 7.5 கிலோமீட்டர் வரை அலைகள் தயங்கிச் செல்லும் ஒரு பகுதி உண்டு என்று காட்டியது. ஒரு நகரையே அழித்த நெருப்பின் கருவூலம் அதுவே.

படம் காட்டுவதும் மறைப்பதும்

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. அந்தப் படத்தை அப்படியே நம்பினால், அந்தக் கருவூலத்தில் உருகியுள்ள பாறை 3 முதல் 10 விழுக்காடு மட்டுமே என்று தோன்றும். ஆய்வாளர்கள் அதோடு நின்றுவிடவில்லை. பாறைக்குழம்பு எவ்வளவு வெப்பத்தோடு வந்திருக்கும், எவ்வளவு காலத்தில் குளிரும் என்பதையும் தனியே கணக்கிட்டு, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உருகிய பங்கு 30 விழுக்காட்டிற்கும் மேல் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது.

படம் ஏன் குறைத்துச் சொல்லியது? காரணம் எளிது. அதிர்வுமானியில் முதலில் வந்து சேரும் அலையையே பெரும்பாலும் கணக்கில் எடுக்கிறார்கள். முதலில் வந்து சேர்வதோ எளிய வழியில் வந்த அலை. உருகிய பாறையின் நடுவே புகுந்த அலை தாமதமாகவே வரும். அதைச் சுற்றி உறுதியான பாறை வழியே ஓடிவந்த அலை முந்திக்கொள்ளும். மேலும், கணினி வரையும் படம் கூர்மையான விளிம்புகளை மழுங்கச் செய்து சற்றே மங்கலாகத்தான் காட்டும். இவ்விரண்டு காரணங்களாலும் ஆபத்து அதன் உண்மை அளவைவிடச் சிறியதாகத் தோன்றுகிறது. இன்னும் ஒன்று உண்டு. படம் எவ்வளவு தெளிவாக அமைந்தாலும், மலை என்று வெடிக்கும் என்று அது சொல்லாது.

படம் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுவதையும் சொல்லவும் இல்லை. நேர்மையான ஆய்வாளர், 'இங்கே ஒன்று இருக்கிறது' என்று சொல்வதோடு, 'என் படம் இதைக் குறைத்துக் காட்டும் இயல்புடையது' என்பதையும் சேர்த்தே சொல்கிறார். தம் கருவியின் குறையைத் தாமே எடுத்துக்கூறுவது அவருடைய அறிவின் ஒரு பகுதியாகிறது. நம் அன்றாட வாழ்விலும் முதலில் வந்து சேரும் செய்தி பெரும்பாலும் துன்பத்தைச் சுற்றிக் கடந்து வந்த செய்திதான். பக்கத்து வீட்டில் 'எல்லாம் சுகம்' என்று வாசலில் கேட்கும் சொல் முதலில் வருகிறது. வீட்டின் நடுவே இருக்கும் வேதனை வெளியே வர நாளாகிறது. முதலில் கேட்டதை மட்டும் வைத்துக் கணக்கை முடிப்பவர் எப்போதும் துன்பத்தைக் குறைவாகவே மதிப்பிடுவார்.

இரண்டு தவறுகள்

அதே தீவுக்கூட்டத்தில், மொன்செராட்டிற்குத் தெற்கே மார்த்தினிக் தீவு இருக்கிறது. அங்கே பெலே மலையின் அடியில் சென் பியேர் என்ற அழகிய துறைமுக நகரம் இருந்தது. 1902 ஏப்ரலில் மலை புகையும் சாம்பலும் கக்கத் தொடங்கியது. மே 5 அன்று சேற்றுப் பெருக்கு ஒரு சர்க்கரை ஆலையை மூடிச் சிலரைப் பலிகொண்டது. தேர்தலின் இரண்டாம் சுற்று நெருங்கிக்கொண்டிருந்தது. ஆளுநர் ஒரு குழுவை அமைத்தார். மலையிலிருந்து இறங்கும் பள்ளத்தாக்குகள் அமைந்துள்ள முறையால் நகருக்கு ஆபத்தில்லை என்று குழு கருதியது. நில அதிர்வுமானி எதுவும் அப்போது அத்தீவில் இருக்கவில்லை. மே 8 அன்று, ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா நாளின் காலை 8 மணியளவில், நெருப்புக் காற்றும் சாம்பலும் கலந்த மேகம் ஒன்று மலையிலிருந்து உருண்டுவந்து சில நிமிடங்களில் நகரை அழித்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். ஆளுநர் லூயி மூத்தேயும் அவர் மனைவியும் அவர்களுள் இருந்தனர்.

இவர்களைக் கயவர்கள் என்று சொல்லி நாம் எளிதில் கடந்துவிட முடியாது. ஆபத்தில்லை என்று சொன்னவர்கள் தங்கள் சொல்லை நம்பி அங்கேயே இருந்து இறந்தார்கள். அவர்களின் தவறு பொய்யன்று. தங்களுக்குத் தெரிந்த சிறு பகுதியை முழுமை என்று எண்ணிக்கொண்டதே அவர்களின் தவறு. குழம்பு பள்ளத்தாக்கு வழியே ஒழுகும் என்பது அவர்களுக்குத் தெரியும். மேகமாய் உருண்டு வரவும் கூடும் என்பது தெரியாது. தெரியாததற்கு அவர்கள் தங்கள் கணக்கில் இடம் வைக்கவில்லை.

இனி மற்றோர் எல்லைக்குச் செல்வோம். மார்த்தினிக்கிற்கு வடக்கே, மொன்செராட்டிற்கு அண்மையில் குவாதலூப் தீவு உள்ளது. 1976-இல் அங்கே உள்ள சூஃப்ரியேர் மலையின் அடியில் ஆயிரக்கணக்கான சிறு அதிர்வுகள் பதிவாயின. ஜூலை மாதம் நீராவியும் சாம்பலும் வெளிப்பட்டன. சென் பியேர் நகரின் நினைவு எவர் நெஞ்சிலும் அகலவில்லை. ஆகஸ்டு 15 அன்று, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா நாளில், மக்களை வெளியேற்ற ஆணை பிறந்தது. 70,000-க்கும் மேற்பட்டோர் வீடு வாசல்களை விட்டுச் சென்றனர். பல மாதங்கள் வெளியிலேயே தங்கினர். பெரிய வெடிப்பு நிகழவே இல்லை. பாறைக்குழம்பு மேலே வருகிறது என்று ஒரு சாராரும், வெறும் நீராவி அழுத்தமே என்று மறு சாராரும் வாதிட்டனர். ஆருன் தாசியேஃபும் குளோத் அலேக்ரும் இதழ்களிலும் தொலைக்காட்சியிலும் கடுமையாக மோதிக்கொண்டனர். இரு தரப்பாரும் கேட்டது அதே மலையின் அதே அதிர்வுகளைத்தான்.

மக்களை வெளியேற்றியது தவறா? நிகழாத அழிவிலிருந்து ஓடியவர்கள் ஏமாற்றப்பட்டவர்களா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. முடிவின் சரி தவறு, எடுத்த நேரத்தில் அறியக்கூடியதாயிருந்ததைக் கொண்டே அளக்கப்பட வேண்டும். பின்னால் நடந்ததைக் கொண்டு அன்று. குவாதலூப்பின் பிழை வேறிடத்தில் இருந்தது. 'எங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை' என்று ஒன்றுசேர்ந்து மக்களிடம் சொல்வதற்கு மாறாக, ஒவ்வொருவரும் உறுதியோடு பேசினர். எதிரெதிரான இரண்டு உறுதிகளைக் கேட்ட மக்கள் எதை நம்புவார்கள்? அறிவின்மீதே அவர்களுக்கு ஐயம் பிறந்தது. ஐயம் பிறந்தபின் அடுத்த எச்சரிக்கை வெறும் சத்தமாகிவிடும்.

மூன்றாம் முறை

இவ்விரு நினைவுகளையும் சுமந்துகொண்டே மொன்செராட் 1995-ஐச் சந்தித்தது. அதன் மலை அதற்கு முன்பே மூன்று முறை தட்டி எழுப்பியிருந்தது. 1897-ஐ ஒட்டியும், 1930களின் நடுவிலும், 1966-67-இலும் நிலம் அதிர்ந்தது. மூன்று முறையும் மலை வெடிக்காமலே அடங்கியது. 1980களின் பிற்பகுதியில் இரு ஆய்வாளர்கள், மலை விழித்தால் தலைநகர் பிளிமத்தே ஆபத்துக்குள்ளாகும் என்று எழுதினர். அவ்வெழுத்து உரியவர்களின் செயலாக மாறவில்லை. 1989-இல் ஹியூகோ சூறாவளி தீவைச் சிதைத்தபின், முக்கியமான கட்டடங்கள் மறுபடியும் பிளிமத்திலேயே எழுப்பப்பட்டன. பேசியவர்கள் தங்கள் கடமையைச் செய்திருந்தார்கள். கேட்க வேண்டியவர்களின் கடமைதான் எஞ்சி நின்றது.

மலை விழித்தபின் நிலைமை மாறியது. அறிவியலார் தீவிலேயே தங்கி, அதிர்வுமானிகளைக் கேட்டு, நாள்தோறும் சொல்லிவந்தார்கள். 1995 ஆகஸ்டில் தெற்கிலிருந்த மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆபத்து குறைந்ததாகத் தோன்றியபோது திரும்பினர். டிசம்பரில் மறுபடியும் வெளியேறினர், மறுபடியும் திரும்பினர். 1996 ஏப்ரலில் மூன்றாம் முறையாக வெளியேறினர். அதன்பின் திரும்பவே இல்லை. 1997 ஆகஸ்டில் நெருப்புப் பெருக்கு பிளிமத்தை எரித்தபோது தெருக்களில் ஆள் இல்லை. ஏறத்தாழ 4,000 பேர் வாழ்ந்த நகரம் மனிதர் இல்லாமல் அழிந்தது. இருமுறை 'வீணாக' அலைந்த கால்கள்தாம் மூன்றாம் முறை உயிர் காத்தன. முதல் இரு முறையும் வெளியேறியதை வீண் என்று சொல்லி மூன்றாம் முறை மறுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அங்கே கையாளப்பட்ட ஒரு வழக்கம் நம் கவனத்திற்குரியது. வில்லி ஆஸ்பினால் என்ற அறிஞரின் முயற்சியால், ஆய்வாளர்களின் கருத்துகளை எடைபோட்டுச் சேர்க்கும் ஒரு முறை பின்பற்றப்பட்டது. விடை ஏற்கெனவே தெரிந்த கேள்விகள் சில அவர்களிடம் கேட்கப்படும். ஒவ்வொருவரும் ஒரே எண்ணைச் சொல்லாமல், 'இதற்கும் இதற்கும் இடையே இருக்கலாம்' என்று தம் ஐயத்தின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிய உறுதியோடு பேசித் தவறியவரின் சொல்லுக்கு எடை குறையும். தமக்கு எவ்வளவு தெரியாது என்பதைச் சரியாக அறிந்திருந்தவரின் சொல்லுக்கு எடை கூடும். பட்டமும் பதவியும் இங்கே துணைக்கு வரா. அடக்கம் என்னும் பண்பு ஒரு மக்கள் கூட்டத்தின் உயிரைக் காக்கும் கருவியாகவும் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆயினும் மொன்செராட் மரணம் இல்லாமல் தப்பவில்லை. 1997 ஜூன் 25 அன்று நண்பகலைக் கடந்த வேளையில் மலையின் உச்சியில் குவிந்திருந்த குழம்புப் பாறை சரிந்து, நெருப்புப் பெருக்காகக் கிழக்கு, வடக்குச் சரிவுகளில் பாய்ந்தது. 19 பேர் மாண்டனர். அவர்களுள் சிலர், நுழையக் கூடாது என்று அறிவிக்கப்பட்டிருந்த நிலத்தில் தங்கள் பயிரையும் கால்நடையையும் கவனிக்கச் சென்றவர்கள்.

ஏன் சென்றார்கள்? எச்சரிக்கை அவர்கள் காதில் விழவில்லையா? விழுந்தது. ஆனால் வடக்கில் அவர்களுக்குக் கிடைத்தது என்ன? கோவில்களிலும் பள்ளிகளிலும் நெருக்கடியான தற்காலிகத் தங்குமிடம், பயிரிட நல்ல நிலமில்லை, கைக்கு வருவாயில்லை. தெற்கில் அவர்களின் கிழங்கும் காய்கறியும் மண்ணில் நின்றுகொண்டிருந்தன. பின்னர் நடந்த மரண விசாரணையிலும் அரசுகள் அம்மக்களுக்குச் செய்யத் தவறியவை சுட்டிக்காட்டப்பட்டன. 'அங்கே போகாதே' என்று சொல்வது எளிது. 'இங்கே உனக்கு நிலம் இருக்கிறது, சோறு இருக்கிறது' என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது எச்சரிக்கை ஆகிறது. இல்லையேல், சொன்னவர் தம் பொறுப்பைக் கழித்துக்கொள்ள உதவும் வெறும் அறிவிப்பாக அது நின்றுவிடுகிறது. பசியுள்ளவனிடம் ஆபத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, அவன் கேட்கவில்லை என்று குறைகூறுவது நீதியாகாது.

கேட்பவரின் கடமை

இதுவரை நாம் அறிந்தவரின் கடமையைப் பற்றியே பேசினோம். கேட்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. 'உறுதியாகச் சொல், இல்லையேல் பேசாதே' என்று நாம் அறிந்தவரை நெருக்குகிறோம். மருத்துவரிடம் அப்படிக் கேட்கிறோம். நம் பிள்ளைகளின் ஆசிரியரிடம் அப்படிக் கேட்கிறோம். 'இருக்கலாம்' என்ற சொல்லை நாம் மதிப்பதில்லை. அதனால் அவர்களுள் சிலர் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்கிறார்கள். சிலர் வாய்திறவாமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இரண்டு பாவங்களுக்கும் தூண்டுதலாக நாம் இருந்துவிடுகிறோம். சொன்னது நடக்காதபோது எள்ளி நகையாடுவது நம் வழக்கம். அந்த நகைப்பு அடுத்த முறை ஓர் உண்மையான எச்சரிக்கையைத் தொண்டையிலேயே நிறுத்திவிடக் கூடும்.

தமிழகக் கடற்கரை மக்களுக்கு இது தொலைதூரக் கதையன்று. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவின் அருகே கடற்படுகை பிளந்தபோது, அதன் அதிர்வலைகள் சில நிமிடங்களில் நம் நாட்டு அதிர்வுமானிகளை அடைந்தன. கடலலையோ நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் நாகையிலும் வேளாங்கண்ணியிலும் கன்னியாகுமரிக் கரையிலும் மக்கள் ஞாயிறு காலையின் வழக்கமான அலுவல்களில் இருந்தார்கள். கருவிகள் கேட்டுவிட்டன. ஆனால் கேட்டதைப் பொருள்கொள்ளவும், ஒரு மீனவச் சிற்றூரின் கடைசி வீடுவரை கொண்டுசேர்க்கவும் இந்தியப் பெருங்கடலில் அன்று ஏற்பாடு இல்லை. 2007-இல்தான் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. அன்று யாரேனும் ஓடிவந்து, 'உறுதியாகத் தெரியவில்லை, ஆனாலும் கரையைவிட்டு விலகுங்கள்' என்று சொல்லியிருந்தால், அந்த ஐயம் கலந்த ஒரு சொல்லுக்காக இன்றும் எத்தனை குடும்பங்கள் நன்றி கூறிக்கொண்டிருக்கும்!

ஆகவே நாம் எழுப்பிய கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம். முழுமையாக அறியும்வரை பேசாதிருப்பது சில வேளைகளில் அடக்கமாகத் தோன்றும். பிறர் உயிரும் வாழ்வும் நம் சொல்லைப் பொறுத்திருக்கும்போது அது அடக்கமாகாது. பழிக்கு அஞ்சி ஒதுங்குவதே ஆகும். பாதி அறிந்ததை முழுதும் அறிந்ததாகச் சொல்வது துணிவாகத் தோன்றும். அதுவும் துணிவாகாது, பிறர் முன் சிறுமைப்பட அஞ்சுவதே ஆகும். இரண்டிற்கும் வேர் ஒன்றே: சொல்பவர் தம்மையே எண்ணிக்கொண்டிருப்பது. பானையை எடுக்கப்போகும் அந்த மற்றொரு பெண்ணை எண்ணுபவர், தாம் கேட்ட ஓசையை அப்படியே சொல்வார். 'விரிசலை நான் பார்க்கவில்லை. ஆனால் ஒலி சரியில்லை' என்பார். முடிந்தால், தாம் தட்டிப் பார்த்து வைத்த நல்ல பானை ஒன்றையும் எடுத்து அவர் கையில் கொடுப்பார்.

மொன்செராட்டில் 2010 பிப்ரவரிக்குப் பின் புதிய குழம்பு வெளிவரவில்லை. ஆயினும் மலை முற்றிலும் அடங்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அவர்களின் கருவிகள் இரவு பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. எரிமலை விழிக்கும் முன் 10,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் இன்று அதில் பாதிக்கும் குறைவானவர்களே உள்ளனர். அவர்கள் வடக்கே, எப்போதோ அணைந்து உள்ளே கல்லாய் இறுகிவிட்ட பழைய மலைகளின் பக்கத்தில் வீடு கட்டி, பயிரிட்டு, பிள்ளைகளை வளர்த்து வாழ்கிறார்கள். தங்கள் காலடியில் உள்ளதைப் பற்றி 'இவ்வளவு தெரியும், இவ்வளவு தெரியாது' என்று யாரோ தங்களிடம் மறைக்காமல் சொல்லிவருகிறார்கள் என்ற நம்பிக்கையோடுதான் அவர்கள் இரவில் உறங்கச் செல்கிறார்கள். நம் வீட்டாருக்கும் அயலாருக்கும் அத்தகைய நம்பிக்கையை நாம் தந்திருக்கிறோமா என்று, இவ்விதழை மூடிவைக்கும் முன் நாம் ஒவ்வொருவரும் நம் மனச்சான்றைக் கேட்டுப் பார்ப்போமாக.